துப்பாக்கி உரிமம் கையில். வழக்குச் செலவுக்கு எந்தத் திட்டம்?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் வாசகர்கள் பலர், தற்காப்புக்காக அதைப் பயன்படுத்த நேர்ந்தால் வரும் வழக்குச் செலவை ஏற்கும் திட்டங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். திட்ட நிறுவனங்களும் தங்கள் ஒப்பந்த வாசகத்தை அவ்வப்போது மாற்றும். எனவே கீழே சொல்வதைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு வந்த ஒப்பந்தத்தின் முழு வாசகத்தைப் படியுங்கள். விளம்பரத் தாள் ஒப்பந்தம் ஆகாது.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): எங்கள் வீட்டு இன்ஷூரன்ஸில் 3 லட்சம் டாலர் லயபிலிட்டி (பிறருக்கு நாம் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கான பாதுகாப்பு) இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டினால் உதவ 10 லட்சம் டாலருக்கு அம்பரெல்லா என்ற கூடுதல் பாலிசியும் உண்டு. தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் இவை போதாதா?

பாதி வழிக்கு உதவலாம். மற்றப் பாதிக்கு ஒரு டாலர்கூடத் தராது.

துப்பாக்கிச் சூடு நடந்தால் இரண்டு வழக்குகள் வரக்கூடும். அரசு தொடுக்கும் குற்றவியல் வழக்கு ஒன்று. சுடப்பட்டவரோ அவர் குடும்பமோ நஷ்டஈடு கேட்டுத் தொடுக்கும் சிவில் வழக்கு இன்னொன்று. வீட்டு இன்ஷூரன்ஸும் அம்பரெல்லாவும் எழுதப்பட்டதே இரண்டாவதற்காக. கைது, ஜாமீன், குற்றவியல் வக்கீல், நிபுணர் சாட்சி எதுவும் அவற்றில் வராது. முதலில் வருவதும் அதிகம் செலவு வைப்பதும் அந்தக் குற்றவியல் பகுதிதான். கொலை வழக்கொன்று முழு விசாரணைவரை போனால் வக்கீல் செலவு லட்சக்கணக்கான டாலரைத் தொடும்.

சிவில் பகுதியிலும் ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். பரவலாகப் புழங்கும் எச்ஓ-3 என்ற வீட்டு இன்ஷூரன்ஸ் படிவத்தில், தெரிந்தே விளைவித்த காயத்துக்குப் பணம் இல்லை என்று ஒரு விலக்கு இருக்கும். அதே பத்தியில், ஆளையோ சொத்தையோ காக்க நியாயமான பலத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த காயத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று இன்னொரு வாக்கியமும் வரும். அந்த இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பாலிசி விற்கும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் பாலிசியின் விலக்குப் பகுதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அம்பரெல்லாவிலும் தனியாகப் பாருங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் "இருக்கிறது" என்றால் போதாது. எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள்.

டெக்சஸில் நியாயமான தற்காப்புக்குச் சிவில் விலக்களிப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் வழக்குத் தொடுப்பதையே அது தடுத்துவிடாது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியவர் உங்கள் வக்கீல். அவருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி (சார்லட், வட கரோலினா): ஒரு திட்டம் 20 லட்சம் டாலர் என்கிறது, இன்னொன்று வரம்பே இல்லை என்கிறது, மூன்றாவது "எங்கள் வக்கீல்கள் கடைசிவரை நிற்பார்கள்" என்கிறது. மாதம் சுமார் 10 டாலரிலிருந்து 50 டாலர்வரை கட்டணம். எதை வைத்து ஒப்பிடுவது?

பெரிய எண்ணை ஒதுக்கி வையுங்கள். இந்த மூன்றும் மூன்று வேறு பண்டங்கள்.

முதல் வகை இன்ஷூரன்ஸ் சார்ந்தது. ஒரு சங்கமோ நிறுவனமோ தன் பெயரில் பாலிசி எடுத்து, உறுப்பினர்களை அதன் கீழ் கொண்டுவரும். பாலிசிதாரர் சங்கம்தான், நீங்கள் இல்லை. பணத்தைத் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்வது பின்னால் இருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனம். ஆகவே சங்கத்தின் புகழைவிட அந்த நிறுவனம் எது, உங்கள் மாநிலத்தில் அதற்கு அனுமதி உண்டா என்பதே முக்கியம். மாநில இன்ஷூரன்ஸ் துறையின் இணையதளத்தில் நிறுவனப் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, முன்பணச் சட்டச் சேவை. மாதக் கட்டணத்துக்கு ஈடாக வக்கீல் சேவை கிடைக்கும். வக்கீல் கட்டணத்துக்கு வரம்பு இல்லை என்று பெரும்பாலும் சொல்பவை இவைதான். ஆனால் வக்கீல் கட்டணம் மட்டுமே வழக்குச் செலவு ஆகிவிடாது. புலனாய்வாளர், தடயவியல் நிபுணர், சாட்சிகளின் பயணம், ஜாமீன், சிவில் தீர்ப்புத் தொகை எல்லாம் வெளியே நிற்கலாம். சிவில் தீர்ப்புக்குப் பணம் தருவது இன்ஷூரன்ஸ் வேலை. சேவைத் திட்டம் அதைச் செய்ய முடியாது, ஆகவே அந்த இடத்தில் மௌனம் இருக்கும். மூன்றாவது வகையில், உறுப்பினர்கள் கட்டும் பணம் ஒரு நிதியில் சேரும். எவ்வளவு உதவுவது என்பதை நிர்வாகம் தீர்மானிக்கும். நேர்மையாக நடத்தினால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்ற சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருக்கும்வரை, கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இல்லை. நிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது, ஒரு வழக்குக்கு அதில் எத்தனை சதவீதம்வரை தருவார்கள் என்று கேளுங்கள்.

வகையைப் புரிந்துகொண்ட பிறகு, எங்கள் பார்வையில் ஒரு திட்டத்தை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் கேள்விகள் நான்கு.

பணம் எப்போது வரும்? சில பழைய பாலிசிகள் விடுதலையான பிறகே செலவைத் திருப்பித் தந்தன. விடுதலை ஆக வேண்டும் என்றால் நல்ல வக்கீல் வேண்டும். அந்த வக்கீலுக்கான பணம் விடுதலைக்குப் பிறகுதான் வரும் என்றால் வீட்டை அடகு வைத்துத்தான் வழக்கை நடத்த வேண்டும். "செலவு எழும்போதே" என்ற பொருளில் வாசகம் இருக்க வேண்டும்.

கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்களா? இதுதான் பலர் தவறவிடும் இடம். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால், அல்லது சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தால், அதுவரை செலவிட்டதை உங்களிடமிருந்து வசூலிக்கும் ஷரத்து சில ஒப்பந்தங்களில் உண்டு. இதன் விளைவு தீர்ப்போடு நிற்காது. அரசு வழக்கறிஞர் ஒரு சாதாரண மிஸ்டிமீனரை (சிறு குற்றத்தை) ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலும் ஏற்கலாம் என்கிறார். ஆனால் ஒப்புக்கொண்ட மறுநிமிடம் 2 லட்சம் டாலர் கடன் உங்கள் தலையில் விழும். வழக்கில் எடுக்க வேண்டிய முடிவை அப்போது பாலிசி எடுக்கத் தொடங்கிவிடும். இந்த ஷரத்து இருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்தத் திட்டத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அது தற்காப்புதான் என்று யார் தீர்மானிப்பது? நடுவர் குழு (ஜூரி) சொல்லும்வரை வக்கீல் செலவைத் தருவோம் என்பது ஒரு வகை. நிறுவனமே ஆரம்பத்தில் கோப்பைப் படித்து "இது தற்காப்பாகத் தெரியவில்லை" என்று கைவிடலாம் என்பது இன்னொரு வகை. முதல் வாரத்தில் கோப்பில் இருப்பது போலீஸ் எழுதிய அறிக்கை மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம்.

வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது? நிறுவனப் பட்டியலில் உங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) கொலை வழக்கை நடுவர் குழு முன் நடத்தியவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். போக்குவரத்து வழக்கும் விவாகரத்தும் பார்ப்பவர் பட்டியலில் இருப்பதால் உங்களுக்குப் பயன் இல்லை. வெளியிலிருந்து நீங்களே ஒருவரை அமர்த்தினால் மணிக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இவற்றுக்குப் பிறகு எண்ணுக்கு வரலாம். வக்கீல் செலவு அந்த மொத்த வரம்பிலிருந்தே கழிகிறதா, தனியா? கழிகிறது என்றால், 10 லட்சம் டாலர் திட்டத்தில் குற்றவியல் வழக்குக்கு 4 லட்சம் போன பின் சிவில் தீர்ப்புக்கு மிஞ்சுவது 6 லட்சம்தான். அந்த வரம்பு ஒரு சம்பவத்துக்கா, ஓர் ஆண்டுக்கா? கணவன் மனைவி இருவரும் ஒரே உறுப்பினர் திட்டத்தில் இருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒன்றா? நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வராமல் மறுவிசாரணை நடந்தாலோ மேல்முறையீடு போனாலோ தொடர்ந்து தருவார்களா? சம்பவம் நடந்த பிறகு உறுப்பினர் கட்டணம் நின்றுபோனால் என்ன ஆகும்? உயிரிழப்புக்கான சிவில் வழக்கைத் தொடுக்க டெக்சஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் பொதுவாக 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே சம்பவத் தேதியில் உறுப்பினராக இருந்தாலே போதும் என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: திட்டம் "சுட்டால்" மட்டுமா, துப்பாக்கியை எடுத்துக் காட்டினாலுமா? கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் கட்டையோடு பாய்கிறார், நீங்கள் துப்பாக்கியை எடுக்கிறீர்கள், அவர் ஓடிப்போய் அவசர உதவி எண்ணான 911-ஐ முதலில் அழைக்கிறார். ஒரு தோட்டாகூட வெடிக்காமலே ஆயுதத் தாக்குதல் வழக்கு உங்கள் மீது வரும். இதற்கு இடமில்லாத திட்டம் பாதித் திட்டம்தான்.

கேள்வி (மில்வாக்கி, விஸ்கான்சின்): "ஜாமீன் 1 லட்சம் டாலர்வரை" என்று போட்டிருக்கிறார்கள். நீதிபதி 10 லட்சம் கேட்டால்?

பல மாநிலங்களில் ஜாமீன் ஏஜென்ட் முழுத் தொகைக்குப் பொறுப்பேற்பார்; அதற்கு அவர் வாங்கும் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம், அது திரும்பி வராது. அங்கே "1 லட்சம்" என்பது ஏஜென்ட் கட்டணத்தைக் குறித்தால் 10 லட்சம் டாலர் ஜாமீனுக்குப் போதும். ஜாமீன் தொகையையே குறித்தால் போதாது. எது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

உங்கள் மாநிலத்தில் சிக்கல் வேறு. விஸ்கான்சினில் வணிகரீதியான ஜாமீன் ஏஜென்ட்டுகளே இல்லை. கென்டக்கியும் ஆரிகனும் அப்படித்தான். ரொக்கமாகக் கட்ட வேண்டும். 2020-இல் உங்கள் மாநிலத்தின் கெனோஷா நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டு வழக்கில் கேட்கப்பட்ட ரொக்க ஜாமீன் 20 லட்சம் டாலர். குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பு வாதத்தில் 2021 நவம்பரில் விடுதலையானார். எனவே ரொக்க ஜாமீனுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதே உங்களுக்கான கேள்வி. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை ஒழித்துவிட்டது. அங்கே இருப்பவர் ஜாமீன் வசதிக்காக அதிகக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், மனைவி கிரீன் கார்டு வைத்திருக்கிறார். இருவரும் சேரும் குடும்பத் திட்டம் எடுக்கலாமா?

திட்டத்தை மறந்துவிட்டு முதலில் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் குடியேற்றம் சாராத விசாக்கள். அந்த விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம், 18-ஆம் தொகுதி 922-ஆம் பிரிவில், தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில குறுகிய விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மீறினால் 2022-க்குப் பிறகு 15 ஆண்டுவரை சிறை. விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று துப்பாக்கிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வக்கீல் எழுத்தில் சொல்லாமல் தொடவே வேண்டாம். உங்கள் பெயரில் திட்டம் எடுத்தாலும், சட்டப்படி வைத்திருந்த ஆயுதம் என்ற அடிப்படை நிபந்தனையே தவறுவதால் அது செல்லாக்காசு. மனைவியின் துப்பாக்கியை, நீங்கள் திறக்க முடியாத பெட்டகத்தில் அவரே பூட்டி வைக்க வேண்டும். உங்கள் கைக்கு எட்டும்படி இருந்தால், நீங்களும் வைத்திருப்பதாகவே அரசு வாதிடும்.

கிரீன் கார்டு உள்ளவர் மத்தியச் சட்டப்படி வைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு வழக்கு வந்தால் பணயம் வேறு. துப்பாக்கிச் சட்டம் எதன் கீழும் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்பது குடியேற்றச் சட்டம். அந்தச் சட்டத்தில் தண்டனை என்பதற்குப் பொருளும் பெரிது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் கட்டுப்பாடு விதித்தாலே தண்டனைதான். பின்னால் மாநிலப் பதிவிலிருந்து வழக்கு நீங்கினாலும் குடியேற்றத் துறைக்கு அது நீங்காது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கு நீங்கும் ஒத்திவைத்த தீர்ப்பு குடிமக்களுக்கு நல்ல பேரம்; அதுவே கிரீன் கார்டு உள்ளவருக்கு ஊருக்குத் திரும்பும் பயணச் சீட்டாகலாம். குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், வழக்கு தள்ளுபடியானாலும் கைதைச் சொல்ல வேண்டும்.

குற்றவியல் வக்கீல் இந்த விளைவைக் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் படில்லா (Padilla) வழக்கில் கூறியது. ஆனால் சொல்வது வேறு, குடியேற்ற வழக்கை நடத்துவது வேறு. குடியேற்ற வக்கீல் செலவைத் திட்டம் ஏற்குமா என்று உங்கள் மனைவி எழுத்தில் கேட்கட்டும். மேலே சொன்ன திரும்ப வசூலிக்கும் ஷரத்து அவருக்கு இன்னும் ஆபத்தானது. உங்கள் மாநிலத்தில் சில திட்டங்கள் விற்கப்படுவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (குவீன்ஸ், நியூயார்க்): உரிமம் வாங்கிவிட்டேன். ஆனால் பல நிறுவனங்கள் என் அஞ்சல் குறியீட்டைப் போட்டதும் மறுக்கின்றன. ஏன்?

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூன் வழக்கில் நியூயார்க்கின் பழைய உரிம முறையை ரத்து செய்ததால், உங்களைப் போன்ற பலர் உரிமம் பெற முடிந்தது. இன்ஷூரன்ஸ் சட்டம் மாறவில்லை. வேண்டுமென்றே விளைவித்த காயத்துக்கும் குற்றவியல் வழக்குச் செலவுக்கும் இன்ஷூரன்ஸ் தருவதை நியூயார்க் ஏற்பதில்லை. 2017-இல் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் (என்ஆர்ஏ) பெயரில் வந்த கேரி கார்டு (Carry Guard) என்ற தற்காப்பு இன்ஷூரன்ஸ் திட்டம் இதில்தான் சிக்கியது. 2018 மே மாதத்தில் தரகு நிறுவனமான லாக்டன் 70 லட்சம் டாலரும், சப் (Chubb) என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனம் 13 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. 2020-இல் சங்கமே 25 லட்சம் டாலர் கட்டியது. அதன் பிறகு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவிலும் வேண்டுமென்றே செய்த செயலுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 533-ஆம் பிரிவு சொல்கிறது.

வேறு மாநில உறவினர் முகவரியைக் கொடுத்துச் சேரலாமா என்று யோசிக்காதீர்கள். பணம் கேட்கும் நாளில் முதலில் பார்ப்பது அந்த முகவரியைத்தான். உங்களுக்கு நடைமுறை வழி, இன்ஷூரன்ஸ் அல்லாத சட்டச் சேவை உங்கள் மாநிலத்துக்கு உண்டா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் துப்பாக்கி வழக்குகள் நடத்தும் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் இப்போதே ஆலோசனைக் கட்டணம் கட்டி, அவசர எண்ணை வாங்கி வைப்பது.

கேள்வி (அட்லான்டா, ஜார்ஜியா): இங்கே உரிமமே தேவையில்லை. உரிமம் இல்லாதவருக்கும் திட்டம் பணம் தருமா?

உங்கள் மாநிலம் உட்பட 29 மாநிலங்களில் 2024 நிலவரப்படி உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்லலாம். பெரும்பாலான திட்டங்களும் சட்டப்படி வைத்திருந்தால் போதும் என்கின்றன. சிக்கல் அந்தச் "சட்டப்படி" என்ற சொல்லில் இருக்கிறது. பள்ளிக்கூட வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டு செல்வதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. உரிமம் தேவையில்லை என்ற மாநிலச் சட்டம் உரிமம் ஆகாது. நகரத்தில் 1,000 அடி வட்டங்களைத் தொடாமல் வண்டி ஓட்டுவது கடினம். ஆகவே தேவையில்லாவிட்டாலும் ஜார்ஜியா உரிமத்தை வாங்குங்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் அவர்கள் உங்கள் உரிமத்தை ஏற்கிறார்களா என்று பார்க்கவும் அது வேண்டும்.

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ): வீட்டில் துடைக்கும்போது தவறுதலாக வெடித்து யாருக்காவது பட்டால்?

தற்காப்புத் திட்டங்கள் பெரும்பாலும் தராது. அது தற்காப்பு இல்லையே. சிவில் பகுதிக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பொருந்தும், அதே வீட்டில் வசிக்கும் உங்கள் குடும்பத்தாருக்குப் பட்டால் தவிர.

குடும்பத்தார் என்றதும் இன்னொன்று. ஒரே வீட்டில் வாழ்பவருக்கு எதிரான தற்காப்பைப் பல ஒப்பந்தங்கள் விலக்குகின்றன. கணவனின் அடியிலிருந்து தப்ப ஆயுதம் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்தத் திட்டம் எதற்கும் உதவாது. இப்படி ஒரு நிலையில் இருப்பவர்கள் விலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள். மது, போதை மருந்து, துப்பாக்கிக்குத் தடையுள்ள இடம், வேலை நேரம் ஆகியவையும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி (டாம்பா, புளோரிடா): சம்பவம் நடந்த பிறகு முதலில் யாரை அழைப்பது? போலீஸா, திட்டத்தின் அவசர எண்ணா?

911. எப்போதும் 911. இடம், உங்கள் பெயர், தாக்கப்பட்டீர்கள், ஆம்புலன்ஸ் வேண்டும், நீங்கள் அணிந்திருக்கும் உடை, இவ்வளவு போதும். அந்த அழைப்பு பதிவாகிறது. போலீஸ் வருவதற்குள் ஆபத்து நீங்கியிருந்தால் துப்பாக்கியை உறையில் வைத்து, கைகள் தெரியும்படி நில்லுங்கள். தாக்கியவர் யார், சாட்சி யார், அவர் ஆயுதம் எங்கே விழுந்தது என்று காட்டுங்கள். அது பிறகு காணாமல் போகக்கூடும். அதற்கு மேல், "வக்கீல் வந்த பிறகு முழுமையாக ஒத்துழைக்கிறேன், அதுவரை பேசாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெறுமனே மௌனமாக இருந்தால் போதாது. கைதுக்கு முன் உரிமையைக் கோராத மௌனத்தை எதிராகப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2013-இல் சலீனாஸ் வழக்கில் இடம் கொடுத்தது.

பிறகு திட்டத்தின் எண். அதை எடுப்பவர் வக்கீலா, கால் சென்டர் ஊழியரா என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஊழியரிடம் சொன்னதற்கு வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அவரிடம் பெயர், உறுப்பினர் எண், நீங்கள் இருக்கும் இடம், "வக்கீல் வேண்டும்" என்பது மட்டும். சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் அழைப்புகள் பதிவாகும் என்பதால், நடந்ததைப் பற்றி மனைவியிடமும் அந்தத் தொலைபேசியில் பேசாதீர்கள். போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொள்ளும்; எனவே அவசர எண்ணும் உறுப்பினர் எண்ணும் அச்சிட்ட அட்டையாகப் பணப்பையில் ஒன்று, வீட்டில் இருப்பவரிடம் ஒன்று இருக்க வேண்டும். சிவில் நோட்டீஸ் வந்தால் அன்றே திட்டத்துக்கும் வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். தாமதமாகத் தெரிவித்ததைக் காட்டிக்கூட மறுக்க முடியும்.